ராக்கெட் படத்துக்கு அப்பா சொன்ன கதை

கண்ணுகளா,

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு பழைய வெளிநாட்டுப் படம் போட்டேன். சின்னவன் கால்வாசியிலேயே எழுந்து போய்விட்டான். பெரியவள் மட்டும் இருந்து, கீழே ஓடிய இங்கிலீஷ் எழுத்தைப் படித்துப் படித்து எனக்குத் தமிழில் சொன்னாள். கடைசியில் ஓர் இடம் வந்ததும் "திரும்ப ஓட்டு அம்மணி" என்றேன். பார்த்தேன். மறுபடியும் ஓட்டச் சொன்னேன். "சும்மா ஒரு ஆளு நிக்கறாருப்பா. இதுல என்ன இருக்கு?" என்று கேட்டாய். எனக்கு வாயில் சொல்ல வரவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்.

படம் முடிந்த பிறகு அதன் கீழே ஊர் உலகத்து ஆட்கள் எழுதியிருந்த அபிப்பிராயங்களையும் படித்துக் காட்டினாய். ஒருத்தர் இதைப்போலப் படம் பிறக்கவே இல்லை என்கிறார். அடுத்தவர், தூக்கம் வராதவர்களுக்கு நல்ல மருந்து என்கிறார். இன்னொருவர் காலத்தைப் பற்றியும் தனிமையைப் பற்றியும் நீளமாக எழுதியிருந்தார். இரண்டு வரி படித்துவிட்டு "இது உங்களுக்கு வேண்டாம்ப்பா" என்று தள்ளிவிட்டாய். நான் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. ஏனென்றால் இந்தப் படத்துக்கு இவர்களுக்கெல்லாம் முன்பே, சிங்காநல்லூரில் ஒரு லைன் வீட்டு வாசலில் நாங்கள் அபிப்பிராயம் சொல்லி முடித்துவிட்டோம்.

அது தொண்ணூறுகளின் ஆரம்பம். கேபிள் டிவி ஊருக்குள் புதிதாக வந்திருந்தது. என் வயதுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு நினைவிருக்கும். அப்போது கேபிள் என்றால் பெரிய கம்பெனி கிடையாது. தெருவுக்கு ஓர் அண்ணன். அவர் வீட்டு மொட்டை மாடியில் ஒரு டிஷ் குடை, கீழே ஓர் அறையில் ஒரு வீடியோ டெக், அங்கிருந்து புளியமரத்திலும் மின்கம்பத்திலும் தொற்றிக்கொண்டு வீடு வீடாகப் போகும் கறுப்பு ஒயர். ஞாயிறு மதியம் கேபிள்கார அண்ணன் தன் கையால் ஒரு கேசட் போடுவார். அந்த ஒரு படத்துக்காகத்தான் பாதிப் பேர் ஒயர் இழுத்திருந்தார்கள்.

எங்கள் வரிசையில் டிவி எங்கள் வீட்டில்தான் இருந்தது. மரப்பெட்டி டிவி, முன்னால் இரண்டு பக்கமும் இழுத்து மூடுகிற கதவு. ஞாயிறு சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் பாயோடு வந்துவிடுவார்கள். எதிர்வீட்டம்மா வருவார். கோடி வீட்டு டீச்சரம்மா வருவார். பழைய இரும்புக் கடை வைத்திருந்த பாய், கோட்டைமேட்டிலிருந்து குடிவந்தவர், பேரப்பிள்ளைகளோடு வருவார்.

அவர்கள் வந்ததும் என் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். நீங்கள் பார்க்காத உங்கள் தாத்தா.

அப்பாவுக்குக் காது கேட்காது. பிறவியில் இல்லை. ஸ்பின்னிங் மில்லில் வேலை. அந்த இரைச்சலுக்குள் சின்ன வயதில் நுழைந்தவர். அது கொஞ்சம் கொஞ்சமாகக் காதைத் தின்றுவிட்டது. தலைமுடியில் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்கும், பனி பெய்த மாதிரி. இடது காதில் மட்டும் கத்திச் சொன்னால் ஏறும். அதற்கு என் அக்கா, உங்கள் தாராபுரத்து அத்தை, ஒரு வழி வைத்திருந்தாள். மில்லில் நூல் சுற்றுகிற அட்டைக் கோன் ஒன்று, பச்சை நிறம், இரண்டு முனையும் திறந்திருக்கும். சின்ன முனையை அப்பாவின் காதில் வைத்து, பெரிய முனையில் வாயை வைத்துப் பேசுவாள். அந்தக் கோனில் எண்ணெய் வாசமும் பஞ்சு வாசமும் அடிக்கும். அரிசி தீர்ந்ததிலிருந்து சொந்தக்காரர் வீட்டுச் சீர் வரை வீட்டுச் செய்தி எல்லாம் அந்த ஓட்டை வழியாகத்தான் அப்பாவுக்குப் போகும்.

படம் பார்க்கும்போதும் அக்கா வசனத்தை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். சுற்றி இருப்பவர்கள் முதலில் பொறுத்துக்கொண்டார்கள். பிறகு "உஷ்" என்றார்கள். அப்பாவுக்கு 'உஷ்' கேட்காது. ஆனால் ஆட்கள் திரும்பிப் பார்ப்பது தெரியும். அன்றிலிருந்து ஞாயிறு மதியம் சைக்கிளைக் கழுவ ஆரம்பித்தார். எங்கள் சைக்கிள் மாதிரி சுத்தமான சைக்கிள் சிங்காநல்லூரிலேயே கிடையாது.

மில்லுக்குள் அவருக்கு இந்தக் கஷ்டம் இல்லை. அங்கே யாருக்குமே யார் பேசுவதும் கேட்காது. அதனால் கையாலேயே பேசிக்கொள்வார்கள். நூல் அறுந்தது, டீ, சூப்பர்வைசர் வருகிறார், எல்லாவற்றுக்கும் ஒரு கை ஜாடை உண்டு. கைப்பேச்சு என்பார்கள். ஆனால் அப்பா அதை மில் கேட்டோடு விட்டுவிட்டு வருவார். நான் ஒருமுறை வீட்டில் டீ வேண்டும் என்று கையால் காட்டினேன். "மடக்குடா கைய. ஊமையன் ஊடுன்னு பேரு வாங்கறதுக்கா?" என்று கோபித்துக்கொண்டார்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

அக்கா பிளஸ்டூ முடித்திருந்தாள். தாராபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். அடுத்த வாரம் வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். விண்ணப்பம் வாங்கிக் கொடுத்ததே டீச்சரம்மாதான். அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

"உன்ற அப்பனுக்குக் காதே நீதான் சாமி. நீ போயிட்டா அந்த மனுசன் இந்த ஊட்டுக்குள்ள கல்லுப்பிள்ளையாராட்டம் உக்காந்திருப்பாரு. நெஞ்சு பொறுக்குமா உனக்கு?"

"சரிம்மா" என்றாள் அக்கா. அவ்வளவுதான்.

அப்பாவிடம் யாரும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அப்பாவிடம் ரகசியம் என்று ஒன்று பேசவே முடியாது. கோனில் பேசினாலும் மூன்று வீட்டுக்குக் கேட்கும். இந்த விஷயத்தை அவரிடம் சொல்லி, அவர் வேண்டாம் என்றால் அதுவும் ஊருக்குத் தெரியும். போ என்றால் அம்மா தடுத்ததும் ஊருக்குத் தெரியும். எழுதிக் காட்டலாமே என்பீர்கள். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடவும் பஸ் போர்டு படிக்கவும் தெரியும், அதற்கு மேல் ஓடாது. அம்மா கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஒரு மனிதருக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு அவரைக் கேட்காமலேயே அவருக்காக முடிவெடுத்தார். பெரியவர்கள் பல தப்புகளை அன்பினால்தான் செய்கிறார்கள் என்று இப்போது தெரிகிறது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமைதான் இந்தப் படம் வந்தது.

கேபிள்கார அண்ணன் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கேசட் கடையில் ராக்கெட் படம் போட்ட அட்டையைப் பார்த்து எடுத்து வந்திருந்தார். "இன்று மதியம் மாபெரும் விண்வெளி யுத்தம்" என்று காலையிலிருந்தே டிவியில் எழுத்து ஓடியது. பாயின் பேரன்கள் முதல் வரிசையில் இடம் பிடித்துவிட்டார்கள்.

யுத்தம் வரவில்லை. ஒரு பெரிய கப்பல் ஆகாயத்தில் போகிறது. உள்ளே வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஓர் ஆள் தூங்குகிறார். ஒரே ஒருவர் மட்டும் விழித்திருக்கிறார். நடக்கிறார். திரும்புகிறார். நடக்கிறார். ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். இலை நுனியில் ஒரு சொட்டு நிற்கிறது. நிற்கிறது. நின்றுகொண்டே இருக்கிறது.

எதிர்வீட்டம்மா எழுந்து டிவி மண்டையில் ஒரு தட்டுத் தட்டினார். "ஏனுங்க, மாட்டிக்கிச்சாட்ட இருக்குதுங்க?"

என்னை ஓடச் சொன்னார்கள். நான் கேபிள்கார அண்ணனிடம் போய், படம் நின்றுவிட்டது என்றேன். அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார் போல. டெக்கைத் திறந்து, ஹெட்டைத் துடைத்து, எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் பின்னால் ஓட்டிவிட்டுப் போட்டார். மறுபடியும் அந்த ஆள் நடந்தார், திரும்பினார், தண்ணீர் ஊற்றினார். மறுபடியும் அதே சொட்டு.

"அட ஆண்டவனே, இதையே இன்னொருக்காவா?" என்றார் பாய்.

பேரன்கள் விளையாடப் போனார்கள். அம்மா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். யாரும் பேசவில்லை. படத்திலும் யாரும் பேசவில்லை. எப்போதாவது அந்த ஆள் ஏதோ சொன்னால், அது எந்த நாட்டுப் பாஷை என்று டீச்சரம்மாவுக்கே தெரியவில்லை.

அப்போதுதான் பார்த்தேன். அப்பா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார், கையில் சைக்கிள் துடைக்கிற துணியோடு. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் படியில் உட்கார்ந்திருந்தார். இன்னும் கொஞ்ச நேரத்தில் உள்ளே, எங்கள் பக்கத்தில். படத்தில் அந்த ஆள் போகிற போக்கில் இயந்திரத்தின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். ஓர் இடத்தில் ஏதோ கோளாறு; அவர் கருவியெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் முழங்காலால் ஓர் இடி இடித்தார். அது ஓடத் தொடங்கியது. அப்பா பக்கென்று சிரித்துவிட்டார். அவர் மட்டும்தான் சிரித்தார். அக்கா கோனை எடுத்துக்கொண்டு நகர்ந்து வந்தாள். சொல்வதற்கு ஒன்றும் இல்லாததால் மடியில் வைத்துக்கொண்டாள்.

கடைசியில் தூங்குகிறவர்களில் ஓர் இளம் பெண் விழித்துக்கொள்கிறாள். அவள் ஒரு சின்ன ஓடத்தில் ஏறிக்கொள்ள, அந்த ஆள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று ஏதோ சொல்கிறார். நெஞ்சில் கை வைக்கிறார். அந்தக் கையை அப்படியே பக்கவாட்டில் வீசுகிறார். ஓடம் கழன்று போகிறது. அவர் திரும்பி நடக்கிறார். படம் முடிந்தது.

வெயில் இறங்கியிருந்தது. எல்லோரும் வாசலுக்கு வந்தோம். கேபிள்கார அண்ணன் தானாகவே வந்துவிட்டார், மன்னிப்புக் கேட்க.

"அட்டையில ராக்கெட் இருந்துச்சுங்க. உள்ள ஒருத்தன் இப்படி நடந்துட்டே இருப்பான்னு நான் கண்டனுங்களா?"

"நடந்தாச் செரி. இத்தன நேரத்துல ஒருக்காகூட ஒல வெக்கலியே அந்தாளு? பசிக்காதா?" என்றார் அம்மா.

"அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள குளுருமல்லோ? ஆளுக்கொரு போர்வையப் போத்தி உட்டிருக்கலாம்" என்றார் எதிர்வீட்டம்மா.

"ஆகாயத்துல சத்தம் கேக்காது. ஏழாங்கிளாஸ் பாடத்துலயே இருக்கு. அதனால பேசாமயே எடுத்துப்போட்டாங்க" என்றார் டீச்சரம்மா. அவருக்கு மைக் வேண்டாத குரல். சாதாரணமாகப் பேசினாலே பத்து பெஞ்சு தாண்டும்.

பாய் தாடியைத் தடவினார். "எனக்குக் கப்பலப் பாத்ததும் மொதல்ல தோணுனது, அத்தனையும் நல்ல அலுமினியம்னுதானுங்க. பிரிச்சா ஒரு கொடவுன் பத்தாது. ஆனா ஒண்ணு. அந்தாளு தனியா இருக்கறப்பவும் சட்டைப் பட்டனப் பூராவும் போட்டுட்டுத்தான் இருந்தான். பாக்கறதுக்கு யாரு இருக்கா அங்க? அந்த ஒண்ணு எனக்குப் பிடிச்சுதுங்க."

டீச்சரம்மா அப்பா பக்கம் திரும்பினார். விளையாட்டாகத்தான் கேட்டார். "ஏனுங்க, கடைசி வரைக்கும் கண்ணு சிமிட்டாமப் பாத்தது நீங்க ஒருத்தர்தான். உங்களுக்கு என்னங்க புரிஞ்சுது?"

அந்தக் குரல் அப்பாவுக்கு ஏறும்.

"ஷிப்டு மாத்தறாங்க. வேறென்னுங்க?" என்றார் அப்பா. காது கேட்காதவர்கள் பேசுகிற மாதிரி சத்தமாக. "அத்தன பேரும் ஒறங்கறாங்க. இவன் ஒருத்தன் சைடு பாக்கறான். கை வெச்சுப் பாக்கறானல்லோ, சூடு ஏறுதான்னு? நாங்களும் அப்படித்தானுங்க. அப்புறம் அந்தப் புள்ள முழிச்சுக்கிச்சு. சின்னப் புள்ள, அதுக்கு அங்க என்ன சோலி? அது போயி நாலு ஊரு பாக்கோணும். ஆனா இவன உட்டுட்டுப் போக அதுக்கு மனசில்ல. அதுக்கு இவன் சொல்றான்…"

அப்பாவின் கை எழுந்தது. உள்ளங்கை நெஞ்சில் பட்டது. பக்கவாட்டில் வீசியது. உடனே சுற்றி இருந்தவர்களைப் பார்த்துவிட்டு, கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார்.

மில்லில் ஒவ்வொருவருக்கும் ஒரு சைடு உண்டு. அவர் பார்க்க வேண்டிய இயந்திர வரிசை. பக்கத்து ஆளுக்கு அவசரமாகப் போக வேண்டியிருந்தால், அடுத்த சைடுக்காரர் இப்படித்தான் காட்டுவாராம்.

"நீ போ, உன்ற சைடையும் நான் பாத்துக்கறேன்கறான்" என்றார் அப்பா.

"அவன் பேசுனது உங்களுக்கு எப்படீங்க கேட்டுது?"

"கேக்கலீங்க. காட்டுனான்."

 பிறகு டீச்சரம்மா, மனதில் இருந்ததை அடக்க முடியாமலோ என்னவோ, அந்தப் பத்து பெஞ்சுக் குரலில் கேட்டுவிட்டார்.

"அப்பறம் உங்க புள்ளைய மட்டும் ஏனுங்க தாராபுரம் அனுப்ப மாட்டேங்கறீங்க?"

அம்மாவின் முகம் வெளுத்தது. லைன் முழுவதும் கேட்டிருக்கும். குழாயடியில் குடம் வைத்திருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள்.

"தாராபுரமா? எதுக்குங்க?" என்றார் அப்பா.

டீச்சரம்மா சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். அப்பா அம்மாவைப் பார்த்தார், திட்டவில்லை. அக்காவைப் பார்த்தார். அக்கா கோனை எடுத்து அவர் காதில் வைத்தாள். வைத்தாளே தவிர குரல் வரவில்லை. வெறும் மூச்சுதான் போயிருக்கும். அப்பா அந்தக் கோனைப் பிடித்து மெதுவாக இறக்கினார். துண்டுக்குள் இருந்த கையை வெளியே எடுத்தார். அத்தனை பேர் பார்க்க, ஊமையன் வீடு என்று பேர் வந்தாலும் வரட்டும் என்று, நெஞ்சில் வைத்தார். வீசினார்.

அக்கா அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

"அப்பறம் உங்களுக்கு யாருங்க…" என்று அம்மா ஆரம்பித்தார். அப்பாவுக்குக் கேட்டிருக்காது, உதட்டைப் பார்த்திருப்பார். "உனக்கு நான் கத்துத் தாரேன்" என்றார்.

பாய் எழுந்து வேட்டியைத் தட்டினார். கேபிள்கார அண்ணன் தோளில் கை போட்டார். "படம் ஓடிருச்சு தம்பி. தைரியமா கேசட்டக் கொண்டுபோயிக் குடு."

அம்மா கற்றுக்கொண்டார். முதலில் டீ, பிறகு போதும், பிறகு வா. கடைசியில் சண்டை போடுவதற்கும் அவர்களுக்குள் கைப்பேச்சு வந்துவிட்டது. அம்மா கரண்டியோடு கை வீசி வாதாடுவதைப் பார்க்க எதிர்வீட்டம்மா கதவைத் திறந்து வைத்துக்கொள்வார். பச்சைக் கோன் ஜன்னலில் இருந்தது. அப்புறம் அது எங்கே போனது என்று தெரியவில்லை. டிவியும் போய்விட்டது, அப்பாவும் போய்விட்டார்.

இப்போது அம்மணி, உனக்குத் தெரியும் நீ என்ன படித்துச் சொன்னாய் என்று. அந்த ஆள் நெஞ்சில் கை வைத்த இடத்தில் கீழே எழுத்து ஓடியது. நீ சொன்னாய்: "'போகாதே'ங்கறாருப்பா. 'நீ போயிட்டா எனக்கு இங்க மூச்சு முட்டும்'ங்கறாரு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஷிப்டும் இல்லை, சைடும் இல்லை. போகாதே என்று கெஞ்சுகிறவனைப் பார்த்து, போ என்கிறான் என்று அப்பா புரிந்துகொண்டிருக்கிறார். அந்தத் தப்பின் மேல்தான் உங்கள் அத்தை படித்து, நர்ஸாகி, எத்தனையோ பேருக்குப் பிரசவம் பார்த்திருக்கிறாள். அதனால்தான் திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னேன். எழுத்து மாறவில்லை.

மனது கேட்காமல் அந்தப் படத்தை அக்காவின் போனுக்கு அனுப்பச் சொன்னேன், இல்லையா? மூன்றாம் நாள் அவள் கூப்பிட்டாள்.

"பாத்துப்போட்டேன் தம்பி. பாதியில ஒறங்கிட்டேன், எழுத்த எடுத்துப்போட்டுத் திரும்பப் பாத்தேன்."

"அப்பா சொன்னது தப்புக்கா" என்றேன்.

"நீ அந்த எழுத்தப் படிக்கக் கேட்டுட்டு இருந்திருப்ப. அந்தச் சின்ன ஓடம் தானாவா கழண்டுச்சு? யாரு கழட்டி உட்டா, அதப் பாத்தியா?"

பார்க்கவில்லை. போனை வைத்துவிட்டு மறுபடியும் போட்டேன், எழுத்தை எடுத்துவிட்டு, சத்தத்தையும் குறைத்துவிட்டு. அந்த ஆளின் வாய் போகாதே என்கிறது. வலது கை நெஞ்சில். படத்தின் கீழ் ஓரத்தில், எழுத்து மறைத்திருந்த இடத்தில், இடது கை ஒரு பிடியைப் பிடித்திருக்கிறது. இழுக்கிறது. ஓடம் கழன்று போகிறது.

உடனே எனக்கு அந்த ஞாயிறுக்கு மறுநாள் திங்கட்கிழமை நினைவுக்கு வந்துவிட்டது. சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்ட். தாராபுரம் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அக்கா, மடியில் தகரப் பெட்டி. அம்மா முறுக்குப் பொட்டலத்தை உள்ளே திணித்துக்கொண்டிருந்தார். அப்பா ஜன்னல் கம்பிக்கு நேரே நின்றார். முந்தின நாள் வாசலில் காட்டியதை மறுபடியும் காட்டினார், உள்ளங்கை நெஞ்சில். ஆனால் இந்தத் தடவை கை அங்கேயே நின்றது. வீச வரவில்லை. அவர் உதடு ஏதோ சொன்னது. பஸ் இரைச்சலில் எங்கள் யாருக்கும் கேட்கவில்லை. கண்டக்டர் இன்னும் கீழே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அப்பாவின் இன்னொரு கைதான் பஸ்ஸின் தகரத்தை இரண்டு முறை ஓங்கித் தட்டியது. டிரைவர் அதைக் கண்டக்டர் என்று நினைத்து வண்டியை எடுத்துவிட்டார்.